அடுப்பும் எரியணும், வி.பி.எஸ்ஸும் நடக்கணும்

முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் அடைத்ததும் தெற்கத்திக் கிறிஸ்தவச் சபைகளில் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பேனர் ஏறிவிடும். பாட்டு, கதை, கைவேலை எல்லாம் சொல்லித்தரப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள், ஆனால் அந்தப் பத்து நாளும் பொறுப்பாளர் வீட்டில் யார் சோறு பொங்குவது, யார் துணி துவைப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. சபையை நடத்தும் ஐயர் (போதகர்) வீடோ, அவருக்குக் கீழே ஊழியம் செய்யும் உபதேசியார் வீடோ, ஞாயிறு பள்ளி டீச்சர் வீடோ, பாடு ஒன்றுதான்.

முதலில் சமையல். எட்டரைக்கு ஆரம்பம் என்றால் எட்டுக்கே பத்துப் பிள்ளைகள் கேட்டில் தொங்கும், அதனால் ஏழு மணிக்கு உங்கள் அடுப்பு அணைந்திருக்க வேண்டும். மாவை மூன்று நாளுக்குச் சேர்த்து அரைத்து வையுங்கள். மத்தியானத்துக்குப் புளிக்குழம்பு, பருப்புப் பொடி, மோர், அப்பளம் போதும். மீன் குழம்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். மாமியார் கூட இருந்தால் சாயங்காலச் சமையலை முழுசாக அவர்கள் கையில் விட்டுவிடுங்கள், விட்ட பிறகு உப்பு கூட, காரம் குறைச்சல் என்று வாய் திறக்கக் கூடாது.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சுண்டலும் பெரும்பாலும் பொறுப்பாளர் வீட்டு அடுப்பில்தான் வேகும். ஒரு கிலோ கொண்டைக்கடலை இருபத்தைந்து பிள்ளைகளுக்குத் தாராளமாக வரும். முந்தின நாள் சாயங்காலம் ஊறப்போட்டு, படுக்கப் போகும் முன் ஒரு தடவை தண்ணீர் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மே மாத வெக்கைக்கு விடியும்போதே நுரைத்து வாடை வந்துவிடும். தேங்காயை வீட்டிலேயே போட்டுக் கிளறி மூடி எடுத்துப் போனால் பதினொரு மணி இடைவேளைக்குள் ஊசிப்போகும், துருவித் தனி டப்பாவில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது தூவுங்கள். கலர் ஜூஸை விட நீர்மோர் எவ்வளவோ மேல். எதைக் கலக்கினாலும் கொதிக்கவைத்து ஆறின தண்ணீரில் கலக்குங்கள்.

அடுத்தது உங்கள் சொந்தப் பிள்ளைகள், இதில்தான் நிறைய வீடுகள் கோட்டை விடுகின்றன. வந்த பிள்ளைகள் ஆடிப் பாடிக்கொண்டிருக்கும்போது பொறுப்பாளர் பிள்ளை மட்டும் பாய் விரிக்கும், சாவி வாங்க ஓடும், டம்ளர் கழுவும், கடைசியில் பரிசு கொடுக்கும்போது “நம்ம வீட்டுப் பிள்ளைதானே” என்று அதன் பெயரையே அடித்துவிடுவார்கள். அதற்கும் அது விடுமுறைதான். பெயர் எழுதி, பேட்ஜ் குத்தி, மற்றப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார வையுங்கள். முடிந்தவரை நீங்கள் எடுக்கும் வகுப்பில் வேண்டாம், அங்கே அது உங்களை டீச்சர் என்று கூப்பிடுவதா அம்மா என்று கூப்பிடுவதா என்று முழிக்கும். வசனம் சொன்னால் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே பென்சில் அதற்கும். வேலை வாங்கியே ஆகணும் என்றால் கைவேலை மாதிரியை முந்தின நாள் அதைச் செய்யச் சொல்லுங்கள்: எட்டு வயசுப் பிள்ளை ஐஸ் குச்சியையும் பெவிகாலையும் வைத்துக்கொண்டு இருபது நிமிஷத்தில் முடித்தால் அது பிரைமரி வகுப்புக்குச் சரி, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிக்கொடுக்க வேண்டி வந்தால் மாற்றிவிடுங்கள்.

சபைக்கு வெளியே இருந்தும் பிள்ளைகள் வரும், அம்மா பீடி சுற்றப் போயிருப்பார் அல்லது காட்டு வேலைக்கு. 1898-இல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற அம்மா கோடையில் தெருவில் அலைந்த பிள்ளைகளுக்காக இதைத் தொடங்கியபோது வேறு இடம் கிடைக்காமல் ஒரு பீர்க்கடை ஹாலை வாடகைக்கு எடுத்தார், ஆக அன்றிலிருந்தே இது கோயில் பிள்ளைகளுக்கு மட்டுமான காரியம் இல்லை. இந்து, முஸ்லிம் வீட்டுப் பெற்றோரிடம் நேரில் போய், பைபிள் கதை சொல்வோம், ஜெபம் பண்ணுவோம் என்று ஒளிக்காமல் சொல்லி, சம்மதம் வாங்குங்கள். விளையாட்டு முகாம் என்று சொல்லிக் கூட்டி வருவது ஏமாற்று வேலை. போன் நம்பர், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு, திரும்பக் கூட்டிப்போக யார் வருவார் என்பதை அப்போதே படிவத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அந்தப் படிவத்தில் இல்லாத ஆள் மாமா என்று வந்து நின்றாலும் அனுப்பாதீர்கள். பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றுமாகத் தனி அறையில் இருக்கக் கூடாது, இது ஐயருக்கும் உண்டு, உங்கள் வீட்டுக்காரருக்கும் உண்டு.

மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை கதவைச் சாத்துங்கள். கோயில் சாவி கேட்டு, பசை கேட்டு, ‘சும்மா பார்க்க வந்தேன்’ என்று ஆள் வந்துகொண்டேதான் இருக்கும், சாவியை இன்னொரு வீட்டில் கொடுத்து வைத்தால் பாதித் தொல்லை தீரும். வெளியூரிலிருந்து பாட்டுக்கு வந்த தம்பி தங்கச்சிகள் உங்கள் வீட்டில் தங்கினால் குளிக்கும் நேரத்தைத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். ராத்திரிக் குடும்ப ஜெபத்தைச் சுருக்கமாக முடியுங்கள், நாள் முழுக்க மைக்கில் கத்திய தொண்டைக்கு உப்புத் தண்ணீரும் தூக்கமும்தான் மருந்து.

சான்றிதழ்களைக் கடைசி ராத்திரிக்கு வைத்தால் விடிய விடிய எழுத வேண்டியிருக்கும், ஏழாம் நாளே தொடங்குங்கள். காணிக்கைச் சில்லறையை அன்றன்றே இரண்டு பேராக எண்ணி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நிறைவு விழா முடிந்த மறுநாள் யாரையும் சாப்பிடக் கூப்பிடாதீர்கள். இரவல் வாங்கின அண்டாவையும் கரண்டியையும் மட்டும் அன்றைக்கே கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த வருஷமும் அதே வீட்டில்தான் கேட்கணும்.