கிணற்று நீரில் தொடங்கும் பசுமை இரசாயனப் பயிற்சி

யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கற் படையில் தங்கியிருப்பதால், தொழிற்பயிற்சி மாணவருக்கு நியமிப்பை (அளவறிந்த கரைசலைச் சேர்த்து ஒரு பொருளின் அளவைக் காணும் முறை) கிணற்று நீரின் வன்மையிலிருந்தே, அதாவது அதில் கரைந்துள்ள கல்சியம், மக்னீசியத்தின் அளவிலிருந்தே, கற்பிக்கத் தொடங்கலாம். பசுமை இரசாயனம் என்பது பொருளையும் கழிவையும் குறைப்பது. ஆகவே வழக்கமான 50 மில்லிலீற்றருக்குப் பதிலாக 5 மில்லிலீற்றர் நீரை எடுத்து, பீ.எச். (அமில, கார அளவு) 10இல் நிலைநிறுத்தும் தாங்கற் கரைசலில் சில துளிகளும், நிறமாற்றத்தால் முடிவைக் காட்டும் எரியோக்குரோம் பிளாக் ரி காட்டியில் மிகச் சிறிதளவும் சேர்த்து, கல்சியம், மக்னீசியத்தைப் பிணைக்கும் ஈ.டி.ரி.ஏ. என்ற சேர்வையின் 0.01 மூலர் (லீற்றருக்கு 0.01 மூல்) கரைசலை, ஊசி நீக்கிய 3 மில்லிலீற்றர் சிறிஞ்சால், செந்நிறம் முற்றாக நீலமாகும்வரை துளித்துளியாக விடச் செய்யுங்கள். செலவாகும் ஒவ்வொரு மில்லிலீற்றரும் லீற்றருக்கு 200 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான வன்மையைக் குறிக்கும். அளவு சிறிதாகும்போது ஒரு துளிப் பிழையும் பெரிதாகும். ஆகவே மூன்று முறை செய்து சராசரி காண்பது அவசியம், கைப்பழக்கம் உருவாவதும் அங்கேதான். கழிவை நிலத்தில் ஊற்ற விடாதீர்கள்: வெடிப்புகள் நிறைந்த இந்தக் கல் அதைப் பெரிதும் வடிகட்டாமல் நாம் குடிக்கும் கிணற்றுக்கே கொண்டு சேர்க்கும். பெயரிட்ட போத்தலில் அதைச் சேகரித்து, அளவைப் பதிவேட்டில் எழுதுவதற்கும் புள்ளி வழங்குங்கள்.