சின்ன டேப்பா, பெரிய டேப்பா? வாங்கும்போது பலரும் செய்கிற தவறுகள்

வேலூர் ஆபீசர்ஸ் லைனிலோ காட்பாடியிலோ டேப் (டேப்லெட்) வாங்க எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி, "எத்தனை இன்ச் வேணும்?" என்பதுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. நம் கண்ணுக்கு வேண்டியது அகலம். 8.7 இன்ச் டேப்பை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் சுமார் 113 மில்லிமீட்டர். 11 இன்ச் ஆண்ட்ராய்டு டேப்பில் சுமார் 148. சற்றுச் சதுரமாக இருக்கும் 10.9 இன்ச் ஐபேடில் சுமார் 158. இன்ச் குறைவு, அகலம் அதிகம். ஆகவே இன்ச்சை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம்.

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். பிள்ளைகளின் நோட்ஸ், வினாத்தாள், ஆபீஸ் சர்க்குலர் எல்லாம் பெரும்பாலும் இந்த அளவில் வரும் பிடிஎஃப்தான். 11 இன்ச்சில் அந்தப் பக்கம் 70 சதவீதமாகச் சுருங்கும். 8.7 இன்ச்சில் 54 சதவீதம். 12 பாயின்ட் எழுத்து முதலாவதில் எட்டரை பாயின்ட் ஆகும், இரண்டாவதில் ஆறரை. இது எப்படி இருக்கும் என்று கடைக்குப் போகும் முன்பே பார்த்துவிடலாம். நீங்கள் அன்றாடம் படிக்கிற ஒரு தாளை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, 70 சதவீதத்தில் ஒன்று, 54 சதவீதத்தில் ஒன்று என்று குறைத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டையும் வழக்கமாகப் படிக்கும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். ஆங்கிலத்தைவிடத் தமிழில் வித்தியாசம் சட்டென்று தெரியும். "கி"க்கும் "கீ"க்கும் நடுவே இருப்பது மேலே ஒரு சின்னச் சுழிதான். 54 சதவீதத்தில் நாற்பது வயதைத் தாண்டிய கண்ணுக்கு அந்தச் சுழி கரைந்துபோகும். மெய்யெழுத்தின் புள்ளியும் அப்படியே. சில ரூபாய் செலவில் இதைவிட நேர்மையான சோதனை வேறில்லை.

"சாய்த்துப் பிடித்தால் பெரிதாகுமே" என்பார்கள். ஆகும். 8.7 இன்ச்சைப் படுக்கவைத்தால் பக்கம் 90 சதவீத அளவுக்கு வந்துவிடும். ஆனால் ஒரே நேரத்தில் கண்ணில் படுவது பக்கத்தில் பாதிக்கும் குறைவு. கதை படிக்க அது போதும். மேலே வரைபடம், கீழே கேள்வி என்றிருக்கும் கணக்குத் தாளில், மேலும் கீழும் தள்ளித் தள்ளியே பிள்ளைக்கு யோசனை அறுந்துவிடும்.

எல்லாப் படிப்பும் ஒன்று என்று நினைப்பது அடுத்த தவறு. செய்தி ஆப், மின்னூல், வாட்ஸ்அப் இவற்றில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கி அகலத்துக்குள் அடங்கிவிடும். அதற்குச் சின்ன டேப் தாராளம். பிடிஎஃப்பும் நாளிதழின் இ-பேப்பரும் அப்படி மடங்காது. பாட்டி ஆன்மிகக் கட்டுரைகளை ஆப்பில் படிக்கிறார் என்றால் சின்னது நல்லது. தாத்தாவுக்கு இ-பேப்பர்தான் வேண்டும் என்றால் பெரியதே வேண்டும். வீட்டில் யார், எதை, எங்கே உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடையைக் கடையில் யாரும் சோதிப்பதில்லை. அங்கே டேப் ஸ்டாண்டில்தானே நிற்கிறது! 8.7 இன்ச் சுமார் 330 கிராம், 11 இன்ச் சுமார் 480 கிராம், 13 இன்ச் என்றால் சுமார் 600 கிராம். கவர் போட்டால் இன்னும் இருநூறு, முந்நூறு கிராம் கூடலாம். வீட்டில் அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை ஒற்றைக் கையில், மார்புக்கு நேராகப் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு சொல்வதைக் கேளுங்கள். காட்பாடியிலிருந்து சென்னைக்குச் சுமார் 130 கிலோமீட்டர். தினமும் ரயிலில் போய்வருகிறவர்களும், பாகாயம் டவுன் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களும், ஆஸ்பத்திரி ஓ.பி.யில் மணிக்கணக்கில் காத்திருப்பவர்களும் பெரிய டேப்பை வாங்கினால், அது ஒரு மாதத்தில் வீட்டு மேசையிலேயே தங்கிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கையில் 6.7 இன்ச் போன் இருப்பவர் 8 இன்ச் டேப் வாங்கினால், பல வேலைகளைப் போனிலேயே முடித்துவிட்டு டேப்பைத் தொடவே மாட்டார். அவருக்குப் பெரியதே பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

ஆன்லைன் வகுப்புக்கு வாங்குகிறவர்கள் திரையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பாதியில் ஆசிரியர், மறு பாதியில் நோட்ஸ். 11 இன்ச்சைப் படுக்கவைத்தால் ஒவ்வொரு பாதியும் சுமார் 118 மில்லிமீட்டர், ஒரு சின்ன டேப்பின் அகலம். 8.7 இன்ச்சில் அது 95தான். அதிலும் விசைப்பலகை மேலெழுந்தால் எழுதுவதே மறைந்துவிடும். பெரிய திரை என்றாலே பேனாவில் எழுதலாம் என்றும் எண்ண வேண்டாம். பேனாவுக்கென்று தனி உணர்தளம் இல்லாத பெரிய டேப்கள் நிறைய உண்டு. ரப்பர் முனைப் பேனாவை வைத்து எழுதினால், உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கோடு விழும். அந்த மாடலுக்கென்றே பேனா விற்கிறார்களா என்று கேளுங்கள். கடையிலேயே கையை ஊன்றி நாலு வரி தமிழ் எழுதிப் பாருங்கள்.

விலை மலிவாகப் பெரிய திரை கிடைத்தால் திரையின் புள்ளிகளை (பிக்சல்) எண்ணுங்கள். 8.7 இன்ச்சில் 1340×800 என்றால் ஒரு இன்ச்சுக்கு 179 புள்ளி. 10.1 இன்ச்சில் 1280×800 என்றால் 149தான். பெரிய திரையில் எழுத்து சொரசொரப்பாகிவிடும். 11 இன்ச்சில் 1920×1200 இருந்தால் 206 வரும், அதற்குக் கீழே இறங்க வேண்டாம். படம் பார்ப்பவர்கள் வைட்வைன் (ஓடிடி படங்களைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டு) எல்1 நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்3 மட்டும் இருந்தால் பெரும்பாலான ஓடிடி ஆப்கள் மங்கலான தரத்தில்தான் படம் காட்டும், திரை எவ்வளவு நல்லதானாலும்.

பெரிய டேப்பில் பெரிய பேட்டரி, அதனால் சார்ஜ் அதிக நேரம் நிற்கும் என்பதும் தப்புக் கணக்கு. 11 இன்ச்சின் திரைப் பரப்பு 8.7 இன்ச்சைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். கூடுதல் பேட்டரியைத் திரையே குடித்துவிடும்.

வெளியே அலைகிற வேலைக்குச் சின்னது, சிம் போடும் வகை. வைஃபை மட்டுமுள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது, வழி காட்டத் திணறும். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் பயன்பாட்டு வெப்பம் 35 டிகிரி வரைதான். நம்மூர் கத்திரி வெயில் 40ஐத் தாண்டும். நிறுத்திய காரின் டாஷ்போர்டில் எந்த அளவு டேப்பையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பணம் கட்டும் முன், அந்த மாடலுக்கு டெம்பர்ட் கிளாஸும் கவரும் அதே கடையில் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிவிடுங்கள். அதிகம் விற்காத அளவுகளுக்கு அவை பிறகு லாங்கு பஜார் முழுக்கத் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். திரை உடைந்தால் பெரியதற்கு மாற்றுச் செலவும் பெரிது.