கைக்குழந்தையோடு சிங்கப்பூர் போகிறீர்களா? நாங்கள் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

மகளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது சென்னையிலிருந்து சிங்கப்பூர் போனோம். நான்கு மணி நேரப் பயணம்தானே என்று தைரியமாகக் கிளம்பினோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் பயமுறுத்தியது அழுகையைப் பற்றித்தான். ஆனால் எங்கள் தவறுகளில் பாதி, விமானம் ஏறுவதற்கு வெகுமுன்பே நடந்து முடிந்திருந்தது.

முதலில் பெயர். "பேர் வச்ச பிறகு பார்த்துக்கலாம்" என்று பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்றாமல் விடுவது நம் வீடுகளில் சகஜம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க, பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். ஓராண்டுக்குள் என்றால் பெயரைக் கட்டணமின்றி ஏற்றிவிடலாம். அப்புறம் நம் இனிஷியல் தொல்லை. பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்து நிற்கும். டிக்கெட்டில் ஒற்றை எழுத்தைப் போட்டுவிட்டு, நள்ளிரவில் கவுன்ட்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு, அதைப் பார்த்தே டிக்கெட் போடுங்கள்.

இரண்டு வயது ஆகாத குழந்தை மடியில் வரலாம், கட்டணமும் குறைவு. பயணத்தின் நடுவே இரண்டு வயது நிறைந்தால் திரும்பி வரத் தனி இருக்கை வாங்க வேண்டும். சுவரில் மாட்டும் தொட்டில், அதாவது பேசினெட், ஒரு விமானத்தில் சிலதான் இருக்கும். முன்கூட்டியே கேட்டு வையுங்கள், எடை வரம்பையும் கேளுங்கள். தொட்டில் கிடைத்தால் இரவெல்லாம் தூங்குவாள் என்றும் நம்பிவிடாதீர்கள். விமானம் குலுங்கி சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். சிங்கப்பூருக்கு இன்னொன்று: இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை மடிக்குழந்தைக்கும் தனியாக வேண்டும்.

நாங்கள் செய்ததிலேயே பெரிய தவறு பால் கொடுத்த நேரம். "கிளம்பும்போது பால் கொடு, காது வலிக்காது" என்று எல்லோரும் சொன்னார்கள். கொடுத்தோம், புட்டி காலி. ஆனால் அதிகம் வலிப்பது இறங்கும்போது. மேலே ஏறுகையில் நடுக்காதில் இருக்கும் காற்று விரிந்து எளிதாக வெளியேறிவிடும். கீழே வரும்போது கேபினில் அழுத்தம் கூடுகிறது. காதையும் தொண்டையையும் இணைக்கும் மெல்லிய குழாய் அழுந்தி மூடிக்கொள்கிறது. விழுங்கினால்தான் திறக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சமாளிக்கிறோம், குழந்தைக்கு அது தெரியாது. சக்கரம் தரையைத் தொட ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். உங்கள் காது லேசாக அடைக்கும்போதே தாய்ப்பாலோ புட்டியோ கொடுங்கள். அதற்காக ஒரு வேளைப் பாலை மிச்சம் வையுங்கள். கைப்பையில் எடுத்துப்போகும் திரவங்களுக்கான 100 மில்லி வரம்பு, பயணத்துக்குத் தேவையான குழந்தைப் பாலுக்குக் கிடையாது. பையின் அடியில் புதைக்காமல் சோதனையில் எடுத்துக் காட்டினால் போதும். சளியோ காதுவலியோ இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

தூங்கட்டும் என்று சளி சிரப் கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. வேண்டவே வேண்டாம். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவிட்டது.

காய்ச்சல் மருந்திலும் கவனம் வேண்டும். நம் ஊர் பாராசிட்டமால் சொட்டு மருந்து பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்போ 5 மில்லிக்கு 120 அல்லது 250. போன இடத்தில் வேறு புட்டி வாங்கிப் பழைய மில்லி கணக்கிலேயே ஊற்றினால் அளவு தப்பிவிடும். குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், வழக்கமான மருந்தையும் கைப்பையிலேயே வையுங்கள்.

அம்மா கட்டிக் கொடுக்கும் மசாலாப் பொட்டலங்களையும் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். நமக்குக் கசகசா குருமாவுக்கு, சிங்கப்பூரில் அது தடைசெய்யப்பட்ட பொருள்.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் ஒன்று பாக்கி இருந்தது. செயலியில் அழைத்த கார்க்காரர் குழந்தையைப் பார்த்ததுமே முடியாது என்று தலையாட்டினார். மழை வேறு. எனக்குக் கோபம்தான் வந்தது. விசாரித்தால் தவறு எங்களுடையது. அங்கே 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்தவர்களுக்குக் காரில் தகுந்த குழந்தை இருக்கை கட்டாயம். டாக்ஸிக்கு மட்டும் விலக்கு, செயலி வழி வரும் தனியார் கார்களுக்குக் கிடையாது. குழந்தை இருக்கை உள்ள வண்டி என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் டாக்ஸி வரிசையில் நிற்க வேண்டும். மறுநாளிலிருந்து நாங்கள் ரயிலுக்கும் பேருந்துக்கும் மாறிவிட்டோம். பேருந்தில் தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்றிக்கொள்ளலாம், மகளும் அதில்தான் நன்றாகத் தூங்கினாள்.