பிள்ளைகளோடு பாட்டு, கதை, கோமாளி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டாலும் கதையாலும் கோமாளி விளையாட்டாலும் பிள்ளைகளின் புலன்களைக் கூர்மையாக்கும் வேலை மட்டக்களப்புக்குப் புதிதல்ல. 1996இல் இங்கே தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், பாடினார்கள். இன்று முன்பள்ளிகளில் இப்படி நிகழ்ச்சி வைக்கிறவர்களுக்கும் நல்ல மனது நிறையவே இருக்கிறது. கூடவே அவசரமும் இருக்கிறது. பிழைகள் அதில்தான் வருகின்றன.

தகரக் கூரை மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கரை வைத்துப் பாட்டைப் போட்டால் பிள்ளைகள் ஆடுவார்கள், சரி. ஆனால் எதையும் உற்றுக் கேட்கமாட்டார்கள். ஒரு மத்தளம் போதும். அதன் இரண்டு பக்கமும் வேறு வேறாக ஒலிக்கும். எந்தப் பக்கம் அடித்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லட்டும். அப்புறம் ஊதிய பலூனை இரண்டு கையாலும் பிடித்தபடி மத்தளத்துக்குக் கிட்ட நிற்கவையுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பலூன் கைக்குள் அதிரும். காது கேளாத பிள்ளையும் தாளத்தோடு சேர்ந்துகொள்ளும். கல்லடிப் பாலத்தடியில், வாவிக்குள் பாடுவதாகச் சொல்லப்படும் பாடுமீனைக் கேட்கிறவர்கள் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைப்பார்கள். ஒரு வாளித் தண்ணீருக்குள் இரண்டு கல்லைத் தட்டி, ஒரு தடியால் அதையே கேட்கவைக்கலாம். யாருடைய கண்ணையும் துணியால் கட்ட வேண்டாம். இருட்டுக்குப் பயந்த பிள்ளை தன் கையால் மூடி, வேண்டும்போது திறந்துகொள்ளட்டும்.

ஆகப் பெரிய பிழை கோமாளியை இறக்கும் விதத்தில்தான். சிவப்பு மூக்கும் வெள்ளை பூசிய முகமுமாக ஒருவர் திடீரென்று பாய்ந்து வந்தால் சின்னப் பிள்ளை அலறத்தான் செய்யும். பூச்சுக்குள் இருப்பது கோபமா சிரிப்பா என்று அதற்குப் பிடிபடாது. நம் கூத்தில் அரசன் களரிக்கு வருமுன் கட்டியகாரன் வந்து வரவைச் சொல்லிவிடுகிறான். கோமாளிக்கும் அப்படி ஒரு வரவு வேண்டும். முதலில் வெளியே சதங்கைச் சத்தம் மட்டும் கேட்கட்டும். பிறகு வாசலில் நிற்கட்டும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்கை மாட்டினால் இன்னும் நல்லது. கோமாளி பிள்ளைகளைக் கேலி செய்யவே கூடாது. அவர்தான் பிழை விட வேண்டும். பூவை முழங்காலால் மணந்து பார்க்கட்டும். "மூக்கால! மூக்கால!" என்று பிள்ளைகள் கத்தித் திருத்தும் அந்த இடத்தில்தான் பாடம் நடக்கிறது.

கதையிலே மணம், சூடு, ஈரம் எதுவும் இல்லாமல் "அழகான காடு" என்று கடந்துபோகிறோம். கதையில் கடற்கரை வரும்போது ஈரமணலும் ஊரியும் கைக்குக் கை போகட்டும். எல்லாவற்றையும் முதலிலேயே மேசையில் பரப்பிவைத்தால் கதை எடுபடாது. முடிந்ததும் "இதிலிருந்து என்ன படித்தோம்?" என்று கேட்காதீர்கள். "எந்த மணம் ஞாபகம் இருக்கிறது?" என்று கேளுங்கள். ருசி பார்க்க ஏதும் கொடுப்பதென்றால் தாய்மாரிடம் முன்னரே விசாரியுங்கள். கச்சான் (நிலக்கடலை) ஒத்துவராத பிள்ளைகள் உண்டு.

காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையை வட்டத்துக்குள் இழுக்க வேண்டாம். சில பிள்ளைகளுக்கு, ஓட்டிசம் உள்ளவர்களுக்குக் குறிப்பாக, நமக்குச் சாதாரணமான சத்தமே தாங்கமுடியாததாக இருக்கும். பாய் விரித்த அமைதியான மூலை ஒன்று இருக்கட்டும். வர மனம் வந்தால் வரும்.

போனை நீட்டிப் படம் எடுப்பதும் பிழைதான். பிள்ளையின் கவனம் கையிலிருக்கும் ஊரியை விட்டுக் கமராவுக்குப் போய்விடும். நிதி தந்தவர்களுக்குப் படம் அனுப்ப வேண்டுமென்றால் பெற்றோரிடம் அனுமதி கேட்டு, எல்லாம் முடிந்தபின் எடுங்கள்.