ஓரமா போனா மட்டும் போதாது: ரோட்டுல சைக்கிளும் வண்டியும் பண்ற தப்புகள்

மதுரையில சைக்கிள் ஓட்டுறவங்கள பாத்து ஷேர் ஆட்டோக்காரர்ல இருந்து புல்லட் தம்பி வரைக்கும் சொல்ற ஒரே அட்வைஸ் "ஓரமா போ", ஆனா அந்த ஓரம் எந்த லட்சணத்துல கெடக்குன்னு யாரும் பாக்குறதில்ல. மணலு, உடைஞ்ச சாக்கடை மூடி, நிப்பாட்டி வச்ச லோடு வண்டி, அது போக ரோட்டு மேலயே ரோடு போட்டு போட்டு தார் விளிம்பு மண்ண விட ரெண்டு மூணு இஞ்சு ஒசந்து நிக்கும். சக்கரம் அதுல இறங்கிருச்சுன்னா ஓட்டிக்கிட்டே மேல ஏத்தப் பாக்காதீங்க, டயர் விளிம்புல உரசி ஆளை ரோட்டுப் பக்கமே சாச்சுரும், பின்னாடி பஸ் வந்தா அவ்ளோதான். நின்னு, இறங்கி, தூக்கி வச்சுட்டு போங்க.

அதனால விளிம்ப ஒட்டி ஓட்டுறதே முதல் தப்பு. ஒரு கை தூரம் உள்ள தள்ளி, நேரா, ஒரே கோட்டுல போங்க. நிக்கிற வண்டிகளுக்கு நடுவுல கேப் கெடச்சதும் உள்ள பூந்து அப்புறம் திடீர்னு வெளிய வந்தா பின்னாடி வர்றவருக்கு என்ன ஜோசியமா தெரியும்?

கார், டுவீலர்காரங்களுக்கும் இதேதான். சைக்கிள்காரர் லேசா உள்ள வர்றது உங்கள வம்புக்கு இழுக்க இல்லைங்க, முன்னாடி குழி இருக்கும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல இருந்து மூட்டை கட்டிட்டு வர்ற அண்ணன் மெதுவா போகப் போக இன்னும் ஆடுவாரு, அவரு முதுகுகிட்ட வந்து ஹாரன் அடிச்சா பயந்து உங்க பக்கம்தான் திரும்புவாரு. தாண்டும்போது இடம் விடுங்க. ஜெர்மனியில ஊருக்குள்ள 1.5 மீட்டர், வெளிய 2 மீட்டர்னு சட்டமே இருக்கு. கீழமாசி வீதியில எங்கய்யா 1.5 மீட்டருக்கு போறதுன்னு கேட்டா, நியாயம்தான், அங்க தாண்டவே வேணாம், பின்னாடியே போங்க, எப்படியும் அடுத்த லோடு வண்டிகிட்ட ரெண்டு பேரும் சேந்துதான் நிக்கப் போறீங்க.

உயிர் போற தப்பு எதுன்னா, கோரிப்பாளையம் மாதிரி சிக்னல்ல பஸ், லாரிக்கு இடது பக்கமா பூந்து முன்னாடி போறதுதான். டிரைவர் உக்காந்திருக்கிறது வலது பக்கம், அவருக்கு இடது ஓரம் பாதி தெரியாது. அதுலயும் நீள வண்டி இடது பக்கம் திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்துல பின் சக்கரம் போகாது, உள்ள வெட்டிக்கிட்டு வரும், முன்னாடி இடம் இருக்கேன்னு நின்ன ஆளு மாட்டிக்குவாரு. பின்னாடியே நில்லுங்க. கார்காரங்களும் சைக்கிளைத் தாண்டுன வேகத்துலயே குறுக்க இடது ஒடிக்காதீங்க, ரெண்டு செகண்டு பொறுத்து அவரு போன பிறகு திரும்புனா என்ன கொறஞ்சுரும்?

கார் கதவு. வலது பக்கம் இறங்குறவங்க இடது கையால கதவைத் திறங்க, உடம்பு தானா திரும்பும், பின்னாடி வர்றது கண்ணுல படும். சைக்கிள்காரங்க நிக்கிற கார்ல இருந்து ஒரு கதவு அகலம் தள்ளிப் போங்க.

ஒத்தக்கடை, கப்பலூர் பக்கம் நாலு வழிச்சாலையில யூ டர்ன் தூரமா இருக்குன்னு ராங் சைடுல வர்ற பழக்கம் ரொம்பவே இருக்கு. எதிர வர்றவன் கண்ணுக்குத் தெரியுறான்ல, அதான் சேஃப்னு ஒரு கணக்கு சொல்வாங்க. நீங்க 15ல போறீங்க, கார் 60ல வருதுன்னா ஒரே பக்கமா போகும்போது வித்தியாசம் 45, எதிர வந்தா மொத்தம் 75. டிரைவருக்கு பிரேக் போட நேரமே கெடைக்காது. இறங்கி தள்ளிக்கிட்டே நடங்க.

ராத்திரியில பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் சேறு படிஞ்சு கெடந்தா இருந்தும் இல்லாத மாதிரிதான், தொடச்சு விடுங்க, முடிஞ்சா ஒரு சின்ன சிவப்பு லைட் மாட்டுங்க. கார்காரங்க எதிர சைக்கிள் வந்தா ஹை பீம இறக்குங்க, கண்ணு கூசுன ஆளு குழி தெரியாம நேரா உங்க முன்னாடிதான் வந்து விழுவாரு.