பழைய சூப்பர்ஜூமையும் புதியதையும் ஒப்பிடும்போது செய்யக் கூடாத தவறுகள்

காசிமேட்டிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சூப்பர்ஜூம் கேமராவோடு, அதாவது லென்ஸைக் கழற்றாமலே வெகு தொலைவை நெருங்கும் கேமராவோடு, வருகிற இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். பலர் கையில் இருப்பது பத்தாண்டுக்கு முந்தைய கேமரா, அண்ணனிடமோ நண்பரிடமோ வாங்கியது. இதுவே போதுமா, புதியது வாங்கலாமா என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். விடை தேடி இரண்டிலும் படமெடுத்துப் பார்க்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் நானும் என்னோடு தொடங்கியவர்களும் அந்தக் காலத்தில் எங்கெங்கே தடம் மாறினோமோ, அதே இடங்களில்தான் இவர்களும் மாறுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

லென்ஸைத் துடைக்காமல் எடுப்பது, ஷட்டர் பொத்தானை வெடுக்கென்று அழுத்துவது ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. எடுக்க எடுக்க அவை தானாகச் சரியாகிவிடும். பணத்தைக் கரைக்கிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

'எக்ஸ்' எண்ணைத் தூரம் என்று நினைப்பது

50 எக்ஸ், 65 எக்ஸ், 125 எக்ஸ் என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது ஒரு விகிதம் மட்டுமே. லென்ஸின் மிக நீண்ட குவியத் தூரத்தை அதன் மிகக் குறுகிய குவியத் தூரத்தால் வகுத்தால் அந்த எண் வரும். எவ்வளவு தொலைவை நெருங்கலாம் என்பதை அது சொல்லாது.

2012இல் வந்த கேனன் எஸ்எக்ஸ்50 எச்எஸ் 50 எக்ஸ். 2014இல் வந்த எஸ்எக்ஸ்60 எச்எஸ் 65 எக்ஸ். 30 சதவீதம் கூடிவிட்டது என்று தோன்றும். வெவ்வேறு கேமராக்களை ஒப்பிட உதவும் 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் பாருங்கள்: பழையது 24 முதல் 1200 மி.மீ. வரை, புதியது 21 முதல் 1365 மி.மீ. வரை. தொலைவுப் பக்கத்தில் கூடியது 14 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. மீதி அகலப் பக்கத்துக்குப் போய்விட்டது. ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண் வரிசையை முழுதாகச் சட்டத்துக்குள் அடக்க நினைப்பவருக்கு அது லாபம். கொசஸ்தலை ஆற்றின் அக்கரையில் நிற்கும் கூழைக்கடாவை நெருங்க நினைப்பவருக்குப் பெரிதாக எதுவும் மாறாது.

நிக்கான் பி900 (2015) 2000 மி.மீ. வரை, பி1000 (2018) 3000 மி.மீ. வரை போகும். இந்தப் பாய்ச்சல் உண்மையானது. ஆகவே மில்லிமீட்டரைப் பாருங்கள், எக்ஸை விட்டுவிடுங்கள்.

மெகாபிக்சல் கூடினால் விவரமும் கூடும் என்று நம்புவது

எஸ்எக்ஸ்50இல் 12 மெகாபிக்சல், எஸ்எக்ஸ்60இல் 16, 2018இல் வந்த எஸ்எக்ஸ்70இல் 20. மூன்றிலும் சென்சாரின் அளவு ஒன்றுதான்: ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். அதே இடத்தைக் கூடுதல் துண்டுகளாக நறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவே.

அதோடு, முழு ஜூமில் இந்த லென்ஸ்களின் துளை எஃப்/6.5 அளவுக்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடினால் துளை சிறிது). சிறு துளை வழியே போகும் ஒளி பரவுவதைப் பள்ளியில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அது இங்கே வேலை செய்கிறது. ஒரு புள்ளி ஒளிகூட சென்சாரில் 8, 9 மைக்ரான் அகலமுள்ள வட்டமாகத்தான் விழும். இந்த கேமராக்களில் ஒரு பிக்சலின் அகலமோ 1.2 முதல் 1.5 மைக்ரான் வரைதான். ஒரே வட்டத்தைப் பழையது சில பிக்சல்களில் பதிகிறது, புதியது அதைவிடக் கூடுதல் பிக்சல்களில் பதிகிறது. இரண்டையும் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் புதியதுதான் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்துத் தலையில் கைவைப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு பாருங்கள்.

உச்சி வெயிலில் கப்பலைப் படமெடுத்துத் தீர்ப்பு எழுதுவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துகிற தவறு இது. மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதில் போகிற பணத்துக்கு ஈடாகாது.

புது கேமரா கைக்கு வந்ததும் அதன் முழு நீளத்தையும் பார்த்துவிட ஆசை வரும். வடசென்னையில் அதற்குக் கண்ணில் படுகிற முதல் இலக்கு, கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும் சரக்குக் கப்பல். காலையில் கடலைப் பார்த்தால் சூரியன் நேர் எதிரே நிற்கும், கப்பல் வெறும் கருநிழலாகத் தெரியும். 'கொஞ்சம் வெயில் ஏறட்டும்' என்று காத்திருந்து, பத்து பதினொரு மணிக்குக் கரையோரக் கருங்கற்கள் மேல் ஏறி நிற்பார்கள். முதலில் பழைய கேமராவில் ஒரு படம். அதைப் பையில் வைத்து, புதியதை எடுத்து, மெனுவில் எதையெதையோ தேடி, கால் மணி நேரம் கழித்து அதில் ஒரு படம். வீட்டுக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்து இரண்டில் ஒன்றைக் குற்றவாளியாக்கிவிடுவார்கள்.

அந்தப் படங்கள் அளந்தது காற்றை. வெயில் ஏற ஏறக் கல்லும் மணலும் தார்ச்சாலையும் சூடாகும். அவற்றை ஒட்டிய காற்று சூடேறி மேலெழும், குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை ஒரே அளவில் வளைப்பதில்லை. கப்பலிலிருந்து வருகிற ஒளி இந்தக் குழப்பத்தின் ஊடாக வளைந்து நெளிந்துதான் லென்ஸுக்கு வந்து சேர்கிறது. சாலையில் நாம் பார்க்கிற கானல் இதுதான். வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிவும் 3000 மி.மீ.யில் பெரிதாகிவிடும்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் 1200 மி.மீ. லென்ஸின் சட்டத்துக்குள் ஏறத்தாழ 30 மீட்டர் அகலம் அடங்கும். 3000 மி.மீ.யில் ஏறத்தாழ 12 மீட்டர்தான் அடங்கும். அந்த 12 மீட்டரை பி1000இன் 4,608 பிக்சல்களுக்குப் பங்கிட்டால் ஒரு பிக்சலுக்கு 3 மி.மீ.கூட வராது. உச்சி வெயிலில் காற்று அசைக்கிற அசைப்பு அதைவிடப் பல மடங்கு. கப்பல் நிற்பதோ இன்னும் பல கிலோமீட்டருக்கு அப்பால். ஆக, எந்த கேமராவின் ஜூம் நீளமோ அதுதான் இந்தச் சோதனையில் கூடுதலாக அடிவாங்கும்.

திருவொற்றியூரைச் சேர்ந்த தம்பி ஒருவர், எஸ்எக்ஸ்50இல் மிக அழகாகப் படமெடுப்பவர், சீட்டுப் பணத்தை எடுத்து பி1000 வாங்கினார். மேலே சொன்னபடியே கப்பலை வைத்துச் சோதித்தார். "அண்ணா, லென்ஸில் குறை இருக்கிறது. பழையதில் கப்பலின் பெயரைப் படிக்க முடிகிறது, இதில் முடியவில்லை" என்று படங்களைக் கொண்டுவந்து காட்டினார். பெரிதாக்கிப் பார்த்தேன். கப்பலின் பெயரில் ஓர் எழுத்து தெளிவாக இருந்தது, அதற்கு அடுத்த எழுத்து இரண்டாகப் பிளந்திருந்தது. மேல்தளத்தின் கைப்பிடிக் கம்பி நேராக ஓடி, நடுவில் நெளிந்து, மறுபடி நேராகியிருந்தது. தொடர்ச்சியாக எடுத்த அடுத்த படத்தில் பிளந்த எழுத்து சரியாக இருந்தது, வேறோர் எழுத்து பிளந்திருந்தது. லென்ஸில் குறை இருந்தால் எல்லாப் படத்திலும் ஒரே மூலையோ ஒரே பக்கமோ மங்கும். படத்துக்குப் படம் இடம் மாறினால் அது காற்றின் வேலை. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். ஆனால் அதற்குள் விற்பதற்குப் பேசி முன்பணமும் வாங்கிவிட்டிருந்தார். வாங்கிய விலையில் கால்வாசிக்கு மேல் போயிற்று.

அதே கேமராவை வாங்கியவர் முகத்துவாரத்தில் சூரியன் எழுந்த கையோடு எடுத்த கூழைக்கடாப் படத்தைப் பிறகு பார்த்தேன். அலகின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் புள்ளிகளைத் தனித்தனியாக எண்ணலாம். ஒரு குறையும் இல்லாத கருவி. எனக்கு இன்றும் ஆறவில்லை.

மூட்டத்தையும் கானலையும் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டாம். கடலோர ஈரக்காற்றின் மூட்டம் படத்தை வெளிறச் செய்யும். கணினியில் கருமையைக் கூட்டிப் பெருமளவு சரிசெய்துவிடலாம். கானல் அழித்த விவரத்தை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. கேமராவின் நடுக்கத் தடுப்பும் அதற்கு உதவாது, ஏனென்றால் நடுங்குவது கேமரா அல்ல.

சோதனையை வீட்டு மொட்டை மாடியில் செய்யுங்கள். நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தைச் சுவரில் நன்றாக இழுத்து ஒட்டுங்கள். பொடி எழுத்தும் மெல்லிய கோடுகளும் நிறைந்த அதைவிட நல்ல இலக்கு கிடைக்காது. 10 மீட்டர் தள்ளி முக்காலியை வையுங்கள். பி1000 முழு ஜூமில் சுமார் 7 மீட்டருக்குக் குறைந்த தூரத்தில் ஃபோகஸ் ஆகாது, அதனால் அதற்கு மேல் இருக்கட்டும். 10 மீட்டரில் 3000 மி.மீ. சட்டத்துக்குள் 12 செ.மீ. அகலம் வரும். தரை சூடாகும் முன் எடுத்துவிடுங்கள். நடுக்கத் தடுப்பை அணைத்துவிட்டு இரண்டு விநாடி டைமரில் எடுக்க வேண்டும். பழையது, புதியது, மறுபடி பழையது, மறுபடி புதியது என்று மாறி மாறி எடுங்கள். ஒவ்வொன்றிலும் பல படங்கள் எடுத்து, அவற்றில் ஆகச் சிறந்ததை மட்டும் ஒப்பிடுங்கள்.

முதலில் இரண்டையும் ஒரே குவியத் தூரத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு புதியதை முழு ஜூமுக்குக் கொண்டுபோங்கள். பழையதன் முழு ஜூம் படத்தில் அதே பகுதியை வெட்டி, அதே அளவுக்குப் பெரிதாக்கி, பக்கத்தில் வையுங்கள். பழையதில் படிக்க முடியாத எழுத்து புதியதில் படிக்க முடிகிறதா? பணம் கொடுப்பது அந்த வித்தியாசத்துக்குத்தான். அது உங்களுக்குத் தேவைப்படும் வித்தியாசமா என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

வெளியில்தான் பார்க்க வேண்டுமென்றால் விடிந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள், நூறு இருநூறு மீட்டருக்குள் இருக்கிற இலக்கை எடுங்கள். கட்டியிருக்கும் படகின் முனையில் உட்காரும் ஆலா போதும். துறைமுக எல்லைகளில் தடைப் பலகை இருக்கிற இடத்தில் நீண்ட லென்ஸை உயர்த்தவே கூடாது.

ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு இரைச்சலை ஒப்பிடுவது

ஐ.எஸ்.ஓ. என்பது கேமராவின் ஒளியுணர்வு எண். அது கூடக் கூடப் படத்தில் இரைச்சல், அதாவது பொடிப்புள்ளிகள், கூடும். ஆட்டோவில் விட்டால் ஒன்று 200ஐத் தேர்ந்திருக்கும், இன்னொன்று 800ஐ. அதற்கு மேல் ஒப்பிட எதுவும் இல்லை.

ஆனால் இதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். பழையது எப்போதும் ஒளியில் தோற்கும் என்ற எண்ணம் தவறு. 2012இல் வந்த பானசோனிக் எஃப்இசட்200 அகலப் பக்கத்திலிருந்து 600 மி.மீ. வரை எஃப்/2.8 துளையைக் கைவிடுவதில்லை. முழு ஜூமில் எஃப்/6.5க்குச் சுருங்கும் கேமராவோடு ஒப்பிட்டால், சென்சாரின் ஒரே பரப்பில் 5 மடங்குக்கு மேல் ஒளி விழும். அங்கே ஐ.எஸ்.ஓ. 1600 தேவைப்பட்டால் இங்கே 300 அளவே போதும். காசிமேட்டில் விடிவதற்கு முன்பே தொடங்கும் மீன் ஏலத்தைப் படமெடுக்கிறவருக்கு 600 மி.மீ.க்கு மேல் என்ன வேலை? அவர் இந்தப் பழைய கேமராவை விற்றுவிட்டு 2000 மி.மீ. கேமரா வாங்கினால் இழப்பு அவருக்குத்தான். 2015இல் வந்த எஃப்இசட்300 அதே எஃப்/2.8 துளையோடு தூசும் நீர்த்துளியும் புகாத உடலைச் சேர்த்துக்கொண்டது. மீன் இறங்குதளத்தில் அது பெரிய துணை.

பூஞ்சை பிடித்த லென்ஸை வைத்துப் பழைய மாடலையே மட்டம் தட்டுவது

கடலோர ஈரத்தில் அலமாரிக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்த கேமராவை எடுத்து, நேற்று பெட்டி பிரித்ததோடு ஒப்பிடுவது நியாயமில்லை. லென்ஸை முழு நீளத்துக்கு நீட்டி, கைபேசியின் டார்ச்சை முன்பக்கம் சாய்வாகப் பிடித்து உள்ளே பாருங்கள். வேர் விட்டதைப் போன்ற மெல்லிய வெள்ளை இழைகள் தெரிந்தால் பூஞ்சை. மெல்லிய பனிபோல் படிந்திருந்தாலும் படத்தின் கருமை வெண்மை வேறுபாடு செத்துப்போகும். அந்த நிலையில் நீங்கள் பார்ப்பது அந்த ஒரு கேமராவின் நோயை மட்டுமே, அந்த மாடலின் தரத்தை அல்ல.

நீண்டு சுருங்கும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. உப்பும் நுண்மணலும் அதோடு போகும். கடற்கரையில் எடுத்து முடித்ததும், லென்ஸைச் சுருக்கும் முன்பே குழாய்ப் பகுதியை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இருக்கட்டும். புதியது வாங்கினாலும் இதே கதைதான்.

ராவையும் ஜேபெக்கையும் எதிரெதிரே நிறுத்துவது

சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு ரா, கேமராவே மெருகேற்றிச் சுருக்கித் தருவது ஜேபெக். பி900இல் ரா கிடையாது. பி950, பி1000 இரண்டிலும் உண்டு. ஜேபெக்கை ஜேபெக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பழைய பேட்டரி புதியதில் பொருந்தும் என்று கணக்குப் போடுவது

பி900இன் பேட்டரி பி1000இல் பொருந்தாது.

எடையைக் கடைசியில் யோசிப்பது

பி900 899 கிராம், பி1000 1,415 கிராம். அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம். எண்ணூர் ரயில் நிலையத்தில் இறங்கி முகத்துவாரத்துக்கு நடக்கிறவரின் கழுத்துக்கு அது தெரியும். பறக்கிற செம்பருந்தைத் தொடர்ந்து பிடிக்க நினைப்பவரின் மணிக்கட்டுக்கும் தெரியும். வாங்கும் முன் வியூஃபைண்டரைக் கண்ணில் வைத்து, லென்ஸை முழுதாக நீட்டி, ஐந்து நிமிடம் இறக்காமல் நின்று பாருங்கள். சட்டம் ஆடத் தொடங்கினால் 2020இல் வந்த பி950ஐக் கேட்டுப் பாருங்கள். 2000 மி.மீ., ரா, 4கே வீடியோ மூன்றும் உண்டு, எடை ஒரு கிலோவை ஒட்டி.