கறுப்பு மணலில் குட்டி உயிர்களைத் தேடலாம்: லெம்பேயில் மக் டைவிங், புதியவர்களுக்கு

இந்தோனேசியாவின் வடக்கு சுலாவெசியில், பிதுங் துறைமுகத்துக்கும் லெம்பே தீவுக்கும் நடுவே குறுகலான ஒரு நீரிணை. அடியில் பெரும்பாலும் எரிமலைக் கறுப்பு மணல்தான். பார்த்தவுடன் வெறுந்தரை என்றுதான் தோன்றும். ஆனால் தவளைமீனும், மற்ற உயிர்களைப்போல நடிக்கும் மிமிக் ஆக்டோபஸும், கடற்குதிரையும் அங்கேதான் வாழ்கின்றன. இப்படி மணலும் சேறுமான அடித்தரையில் குட்டி உயிர்களைத் தேடுவதுதான் மக் டைவிங். ஸ்கூபா டைவிங்கின் அடிப்படைச் சான்றிதழான ஓபன் வாட்டருக்குரிய 18 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே நிறையப் பார்க்கலாம்.

முதல் படி: உடம்பில் கட்டும் ஈய எடை

பிசிடியில் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மேலாடை) இருக்கும் காற்றை முழுக்க விட்டுவிட்டு, நீர்மட்டத்தில் அசையாமல் நின்று, வழக்கமான ஒரு மூச்சைப் பிடியுங்கள் (இதை மேலே இருக்கும்போது மட்டும்தான் செய்ய வேண்டும், கீழே மூச்சைப் பிடிக்கவே கூடாது). தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டதும் மெல்ல இறங்க வேண்டும். நிறைந்த டாங்கோடு சோதித்தால் கூடுதலாக 2 கிலோ வையுங்கள். காற்று தீரத் தீர டாங்க் ஏறக்குறைய அவ்வளவு எடை இழக்கும். அந்த 2 கிலோ இல்லாவிட்டால், மேலே வரும் வழியில் 5 மீட்டரில் பாதுகாப்புக்காக நிற்கும்போது அது உங்களை மேலே தூக்கிவிடும்.

அதற்காக எடையை அள்ளிக் கட்டாதீர்கள். எடை கூடினால் பிசிடியில் காற்று ஏற்ற வேண்டிவரும், இடுப்பும் காலும் தாழும், காலில் மாட்டிய ஃபின் (நீந்தும் துடுப்பு) மணலைக் கிளறும். அப்புறம் உங்களுக்கும் ஒன்றும் தெரியாது, பின்னால் வருபவருக்கும் தெரியாது.

இரண்டு: நீந்தும் முறை

முழங்காலை மடக்கி, ஃபினை உடம்பைவிட உயரமாக வைத்து, தவளைபோலக் காலை விரித்துச் சேர்க்கும் ஃபிராக் கிக் போடுங்கள். வேகமே வேண்டாம். அசைவு குறைவதால் வெதுவெதுப்பான நீரிலும் குளிரும். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (டைவிங் உடை) நல்லது. பகலிலும் டார்ச் தேவை.

மூன்று: வீட்டைத் தேடுங்கள்

புதியவர்கள் தவறுவது இங்கேதான். உயிரைத் தேடுகிறார்கள், அது குடியிருக்கும் இடத்தைத் தேட வேண்டும். கடல் அட்டையின் மேல் எம்பரர் இறால் இருக்கும். உடம்பெல்லாம் முள் கொண்ட நெருப்பு அர்ச்சின் என்ற கடல் உயிரியின் முட்களுக்கிடையே கோல்மன் இறால் ஜோடியாக உட்கார்ந்திருக்கும். சுமார் 2 சென்டிமீட்டர் நீளமே உள்ள பிக்மி கடற்குதிரை விசிறிபோல விரிந்த பவளமான கடல் விசிறியை விட்டு நகராது. காலிச் சிப்பி, தேங்காய் ஓடு, பாட்டில் எதையும் பார்க்காமல் கடக்காதீர்கள்; உள்ளே ஆக்டோபஸ் இருக்கலாம்.

மணலில் பாசி படிந்த கல் ஒன்று தனியாகக் கிடந்தால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். முதலில் வாய் தெரிகிறதா? பிறகு கண். புழுபோல ஒரு தூண்டில் நெற்றியிலிருந்து நீண்டு ஆடினால் அது முடி வளர்ந்த தவளைமீன். இரையை ஏமாற்றத்தான் அந்தத் தூண்டில். தரையில் அது துடுப்புகளை ஊன்றி நடப்பதைக் காண்பது இந்த டைவிங்கின் பேரின்பங்களில் ஒன்று.

நான்கு: கையும் குச்சியும்

டைவர்கள் கையில் கொண்டுபோகும் உலோகக் குச்சி மணலில் ஊன்றி நிலைத்து நிற்க மட்டுமே. எந்த உயிரையும் அதால் தள்ளக் கூடாது. கைடு தள்ளினாலும் வேண்டாமென்று சைகை காட்டுங்கள். மணலில் கை ஊன்றவும் முழங்காலிடவும் கூடாது. தேள்மீனும் கல்மீனும் அங்கே புதைந்திருக்கும். குத்திவிட்டால் டைவை முடித்து மேலே வந்து, தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் காயத்தை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.

நீலவளைய ஆக்டோபஸின் வளையங்கள் பளிச்சிட்டால் அது மிரண்டிருக்கிறது என்று பொருள். அதன் விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை. உடனே பின்வாங்குங்கள்.

படம் எடுப்பவர்கள் ஒரே உயிரின் முன் ஃபிளாஷை அடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். நாலைந்து படம் போதும். அதற்குள்ளேயே அந்த உயிர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் உடனே நகர்ந்துவிடுங்கள்.